லினக்ஸ் கெர்னலுக்கு பேட்ச் அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலான கெர்னலுக்கு முதல்முறை பேட்ச் (நிரலில் செய்த மாற்றங்களின் தொகுப்பு) அனுப்புகிறவர்கள் நிரலைப் பத்துத் தடவை சரிபார்ப்பார்கள். அதைச் சுமந்து போகும் மின்னஞ்சலை ஒருமுறைகூடப் பார்க்க மாட்டார்கள். நல்ல திருத்தங்கள் பல அங்கேதான் வீணாகின்றன. எனக்கு இது பெரிய வருத்தம். ஏனென்றால் இவை எல்லாமே அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டு தவிர்க்கக்கூடிய தவறுகள்.

கெர்னல் உலகில் பேட்ச் என்பது அந்த மின்னஞ்சலேதான். மெயின்டெய்னர், அதாவது அந்தப் பகுதியைப் பராமரிப்பவர், அதை அப்படியே சேமித்து 'கிட் ஏஎம்' கட்டளைக்குக் கொடுக்கிறார். கிட் என்பது நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள், அஞ்சலில் உள்ள பேட்ச்சை நிரலில் சேர்ப்பது இந்தக் கட்டளை. கெர்னல் நிரலில் உள்தள்ளல் டேப் எழுத்தால் ஆனது, அகலம் 8. ஜிமெயிலை பிரவுசரில் திறந்து பேட்ச்சை ஒட்டினால் டேப்கள் இடைவெளிகளாக மாறிவிடும். திரையில் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் கிட், நீங்கள் மாற்றிய வரிகளுக்கு மேலும் கீழும் உள்ள மாறாத வரிகளை மூலக் கோப்போடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். டேப் இருக்க வேண்டிய இடத்தில் எட்டு இடைவெளிகள் இருந்தால் பேட்ச் பொருந்தவில்லை என்று அங்கேயே நின்றுவிடும். நீண்ட வரி தானாக மடிந்தாலும் இதே கதி: மடிந்த பாதியின் தொடக்கத்தில் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ இருக்காது, பேட்ச் சிதைந்திருக்கிறது என்று கிட் சொல்லிவிடும்.

எனவே வெட்டி ஒட்டும் வேலையே வேண்டாம். 'கிட் ஃபார்மட்-பேட்ச்' கொண்டு உருவாக்குங்கள், 'கிட் சென்ட்-இமெயில்' கொண்டு அனுப்புங்கள். ஜிமெயில் முகவரியையே பயன்படுத்தலாம். சிக்கல் அதன் பிரவுசர் பக்கத்தில்தான், அஞ்சல் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபி வழியாகப் போனால் எழுத்து மாறாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, ஆப் பாஸ்வேர்டு (ஒரு மென்பொருளுக்கென்றே தரும் தனிக் கடவுச்சொல்) ஒன்று எடுத்துக்கொண்டால் போதும். எச்டிஎம்எல் வடிவ அஞ்சலை கெர்னல் சர்வர்கள் ஏற்பதே இல்லை. இணைப்புக் கோப்பாகவும் அனுப்பாதீர்கள். நிரலின் வரிகளை மேற்கோள் காட்டி, ஒவ்வொரு வரிக்கும் கீழே கருத்து எழுதுவதுதான் அங்கே வழக்கம். இணைப்பாக வந்தால் அது சிரமம். அலுவலக முகவரியில் இன்னொரு ஆபத்து உண்டு: 'இந்த அஞ்சல் ரகசியமானது' என்ற வாசகத்தை சர்வர் தானாகவே அடியில் சேர்த்துவிடும். உலகமே படிக்கும் அஞ்சல் பட்டியலுக்கு வரும் அப்படிப்பட்ட அஞ்சலை மெயின்டெய்னர்கள் ஏற்க முடியாது.

முதலில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். வந்த அஞ்சலைச் சேமித்து, புதிய கிளையில் 'கிட் ஏஎம்' ஓட்டுங்கள். ஒட்டிக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

அடுத்தது கமிட் செய்தி, அதாவது மாற்றத்தை கிட்டில் பதியும்போது அதனோடு எழுதும் விளக்கம். என் கணிப்பில் நிரலைவிட இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். 'டிரைவரில் பிழை திருத்தப்பட்டது' என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. என்ன பிழை, எப்போது வெளிப்படும், பயனருக்கு என்ன ஆகும், ஏன் இந்த வழியில் திருத்தினீர்கள் என்பதெல்லாம் வேண்டும். உதாரணமாக (ப்ரோப் என்பது சாதனத்தை டிரைவர் தொடங்கிவைக்கும் ஃபங்ஷன், ஐஆர்க்யூ என்பது சாதனம் செயலியை அழைக்கும் குறுக்கீடு): 'ப்ரோப் ஃபங்ஷனில் ஐஆர்க்யூ பதிவு தோற்றால், அதற்கு முன் ஒதுக்கிய நினைவகத்தை விடுவிக்காமல் திரும்பிவிடுகிறது. மாட்யூலை ஏற்றும் ஒவ்வொரு தோல்வியிலும் நினைவகம் கசிகிறது. பிழை வழியில் அதை விடுவி.' கடைசி வாக்கியம் ஏவலாக இருப்பதைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போதும் கெர்னல் வழக்கம் அதுதான். தலைப்பின் தொடக்கத்தில் எந்த துணைப்பகுதி என்ற முன்னொட்டு வர வேண்டும். அதை ஊகிக்க வேண்டாம், அந்தக் கோப்புக்கு 'கிட் லாக்' ஓட்டினால் முன்னவர்கள் எப்படி எழுதினார்கள் என்று தெரிந்துவிடும். பழைய கமிட் ஒன்றால் வந்த பிழை என்றால், அதன் ஹேஷில் (கமிட்டை அடையாளம் காட்டும் நீண்ட எண்ணெழுத்துத் தொடர்) முதல் 12 எழுத்துகளையும் தலைப்பையும் 'ஃபிக்ஸஸ்' வரியில் கொடுங்கள். பழைய நிலைப்பதிப்புகளுக்கும் திருத்தம் போக வேண்டுமா என்று முடிவெடுப்பவர்களுக்கு அந்த வரி பெரிய உதவி.

'சைன்ட்-ஆஃப்-பை' வரி இல்லாத பேட்ச்சை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 2003-இல் எஸ்சிஓ நிறுவனம் ஐபிஎம் மீது வழக்குத் தொடுத்து, லினக்ஸ் நிரலின் உரிமை பற்றிக் கேள்வி எழுந்தது. அதைத் தொடர்ந்து 2004-இல் இந்த வரி வந்தது. இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி அது. நம் ஊர்க்காரர்களுக்கு இங்கே ஒரு இடறல் இருக்கிறது. கிட் அமைப்பில் இனிஷியலைப் பெயருக்கு முன்னால் போட்டிருப்போம், உறுதிமொழி வரியில் பின்னால். பேட்ச்சைச் சரிபார்க்க கெர்னலோடு வரும் 'செக்பேட்ச்' ஸ்கிரிப்ட் இரண்டும் வேறு பெயர் என்று எச்சரிக்கும். எது உங்கள் வழக்கமோ அதையே எல்லா இடத்திலும் வையுங்கள். அந்த ஸ்கிரிப்டை அனுப்பும் முன் ஓட்டுவதும் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பேட்ச்சில் ஒரு மாற்றம்தான். பிழையைத் திருத்தும்போது பக்கத்து வரிகளின் இடைவெளிகளையும் அழகுபடுத்தினால், எது திருத்தம் எது அலங்காரம் என்று படிப்பவர் தேட வேண்டியிருக்கும். தொடராக அனுப்பினால் ஒவ்வொரு பேட்ச்சுக்குப் பின்னும் கெர்னல் பில்ட் ஆக வேண்டும், அதாவது பிழையின்றித் தொகுக்கப்பட வேண்டும். நடுவில் ஒன்று உடைந்திருந்தால், பிறகு ஒருநாள் 'கிட் பைசெக்ட்' செய்து (கமிட்களைப் பாதிபாதியாகப் பிரித்துச் சோதித்து) பிழை தேடுகிறவர் அந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்.

யாருக்கு அனுப்புவது என்பதை 'கெட்-மெயின்டெய்னர்' ஸ்கிரிப்ட் சொல்லும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு நேராக அனுப்ப வேண்டியதில்லை.

கருத்துகள் வந்தால் முதலில் அவற்றுக்குப் பதில் எழுதுங்கள், பிறகு அடுத்த பதிப்பை அனுப்புங்கள். தலைப்பில் 'வி2' வர வேண்டும். ஃபார்மட்-பேட்ச்சிலேயே அதற்கு வசதி உண்டு. முந்தைய பதிப்பிலிருந்து என்ன மாறியது என்பதை மூன்று கோடுகள் (---) உள்ள வரிக்குக் கீழே எழுதுங்கள். கோட்டுக்கு மேலே எழுதினால் அது கெர்னல் வரலாற்றிலேயே பதிந்துவிடும். கீழே எழுதியதை கிட் விட்டுவிடும். முந்தைய பதிப்புக்கு யாராவது 'ரிவ்யூட்-பை' (படித்துச் சரிபார்த்தேன் என்ற வரி) கொடுத்திருந்தால், நிரல் பெரிதாக மாறாதவரை அதை மறக்காமல் சேருங்கள். விட்டுவிட்டால் நேரம் ஒதுக்கிப் படித்தவரின் உழைப்பை மதிக்காததுபோல் ஆகும்.

பதிலே வரவில்லை என்றால் குறைந்தது ஒரு வாரம் பொறுத்திருந்து நினைவூட்டுங்கள். ஒவ்வொரு பதிப்பும் வெளியானதும் சுமார் இரண்டு வாரம் மெர்ஜ் விண்டோ (அடுத்த பதிப்புக்கான மாற்றங்களை முதன்மை நிரலில் சேர்க்கும் காலம்) திறந்திருக்கும், அப்போது மெயின்டெய்னர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. நெட்வொர்க் பகுதியில் அந்த நாட்களில் புதிய அம்சங்களுக்கான பேட்ச்களை வாங்குவதே இல்லை. அவசரத் திருத்தம் இல்லையென்றால் ஆர்சி1 (அடுத்த பதிப்பின் முதல் சோதனை வெளியீடு) வந்த பிறகு, அதன்மேல் உங்கள் பேட்ச்சை ரீபேஸ் செய்து அனுப்புங்கள்.