புது பின்பால் மெஷினா? முதலில் வாட்டம் பாருங்கள்

பின்பால் மெஷின் என்பது கண்ணாடி மூடிய சாய்ந்த பலகையில் எஃகு உருண்டையை உருட்டி ஆடும் விளையாட்டுப் பெட்டி. அதைப் புதிதாக வாங்கியவர்களின் புகார்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பந்து மந்தமாக ஓடுகிறது, ரேம்ப் எனும் ஏற்றப் பாதையில் பாதி ஏறித் திரும்பிவிடுகிறது, எப்போதும் இடது ஓரமாகவே போய் விழுகிறது, லேசாக இடித்தாலே டில்ட் ஆகிறது, அதாவது மெஷினை ஆட்டியதாகக் கணக்கிட்டு அந்தப் பந்தின் ஆட்டத்தை நிறுத்திவிடுகிறது. உடனே மெனுவைத் திறந்து, பந்தை அடிக்கும் துடுப்பான ஃபிளிப்பரின் பவரைக் கூட்டுவார்கள். பெரும்பாலும் கோளாறு ஃபிளிப்பரில் இல்லை, மெஷின் நிற்கும் வாட்டத்தில்தான்.

இன்றைய மெஷின்களில் பந்து உருளும் பலகையான பிளேஃபீல்டு பின்னால் உயர்ந்து, முன்னால் தாழ்ந்து சுமார் 6.5 டிகிரி சரிந்திருப்பது வழக்கம். சிப் இல்லாமல் ரிலேக்களிலும் சுவிட்சுகளிலும் ஓடும் பழைய எலெக்ட்ரோ மெக்கானிக்கல் மெஷின்களுக்கு இதைவிடக் குறைவு. சரிவு குறைந்தால் பந்து மிதக்கும். கூடினால் வேகமாக இறங்கும், ரேம்ப் ஏறத் திணறும். நான்கு கால்களின் அடியிலும் திருகிக் கூட்டிக் குறைக்கும் பாதங்கள் இருக்கின்றன. பின்கால் பாதங்களை அதிகமாகவும் முன்கால் பாதங்களைக் குறைவாகவும் வெளியே விடுவார்கள்.

அளக்கும் இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மேலே இருக்கும் கண்ணாடியில் ரசமட்டத்தை வைக்காதீர்கள், அதன் சரிவு வேறு. கண்ணாடியை எடுத்துவிட்டு பிளேஃபீல்டின் மேலேயே வைக்க வேண்டும். சில மெஷின்களில் ஓரத்தில் குட்டி ரசமட்டம் பொருத்தியிருப்பார்கள். அதை மட்டும் நம்புவது எனக்குப் பிடிக்காது. போன் ஆப் போதும், ஆனால் கேமரா மேட்டின் மேல் போனைப் படுக்க வைத்தால் அளவு தப்பும். இடவல மட்டத்தை ஃபிளிப்பர் பக்கம் ஒரு முறை, மேல்கோடியில் ஒரு முறை பாருங்கள். டைல்ஸ் தரைதானே, மட்டமாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட வேண்டாம். நம் வீடுகளில் கழுவிவிட்டால் தண்ணீர் ஓட வேண்டுமென்று கொத்தனாரே சில இடங்களில் வாட்டம் வைத்திருப்பார்.

டில்ட்டை இதற்கு அப்புறம்தான் தொட வேண்டும். உள்ளே ஒரு வளையத்துக்கு நடுவே தூக்குக்குண்டு தொங்குகிறது. அது வளையத்தைத் தொட்டால் டில்ட். குண்டு எப்போதும் நேர்கீழாகத் தொங்கும், வளையமோ மெஷினோடு சேர்ந்து சாயும். முதலில் டில்ட்டைச் சரிசெய்துவிட்டு பிறகு காலைத் திருகினால், செய்த வேலை வீண்.

கண்ணாடி டெம்பர்டு வகை, அதாவது சூடாக்கி உறுதியாக்கியது. முகத்தில் அடி தாங்கும், விளிம்பில் தாங்காது. வெறும் டைல்ஸில் நிறுத்தினால் மொத்தமாகப் பொடிப்பொடியாகிவிடலாம். மடித்த போர்வை மேல் வையுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின் என்றால் பிளக்கைச் செருகும் முன் பின்பக்க லேபிளைப் படியுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. 1990களின் மெஷின்களில் டிரான்ஸ்ஃபார்மர் இணைப்பை மாற்ற வேண்டியிருக்கும், தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். எர்த் பின்னை வெட்டுவது, எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷனில் போடுவது, இரண்டும் கூடவே கூடாது.

ஃபிளிப்பர் இறுகினால் எண்ணெய் விடுவது இன்னொரு பழக்கம். ஃபிளிப்பரை இயக்கும் மின்காந்தச் சுருளான காயிலுக்குள் இருக்கும் நைலான் குழாய் உலர்ந்தே வேலை செய்ய வேண்டியது. எண்ணெய் தூசியைப் பிடித்துப் பசையாக்கிவிடும். பிளேஃபீல்டுக்கு மட்டும் கார்னோபா மெழுகை மெல்லப் பூசித் துடைக்கலாம்.

சில நாள் ஆடியதும் பிளேஃபீல்டில் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். அடியில் இருப்பது மரம், மேலே உருள்வது சுமார் 80 கிராம் எஃகு உருண்டை. குழி விழத்தான் செய்யும். விற்றவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அந்த நேரத்தில் கால் போல்ட்களை ஒரு தடவை ஸ்பானர் போட்டு இறுக்குங்கள், ஆட்டத்தில் அவை தளரும்.