பிள்ளைக்கு கேம் பெட்டி வேண்டிக் குடுக்கிறதோ, விடுறதோ?

நான் கிளிநொச்சியில ரீவி, போன் திருத்திற சின்னக் கடை ஒண்டு வச்சிருக்கிறன். நல்லூர்த் திருவிழா சீசனுக்கு வெளிநாட்டில இருந்து ஆக்கள் வருவினம், அவை திரும்பிப் போன கையோட என்ர மேசையில கேம் பெட்டியள் வந்து குந்தும். ஒருக்கா முள்ளியவளைப் பக்கம் இருந்து ஒரு அக்கா பஸ் ஏறி வந்தவ, மடியில துவாயால சுத்தின பெட்டி. கனடாவில இருக்கிற தம்பி மருமோனுக்கு எண்டு குடுத்திட்டுப் போனதாம், பிளக்கைக் குத்தின உடன டப் எண்டு ஒரு சத்தம், பிறகு எரிஞ்ச மணம். பழைய எக்ஸ்பொக்ஸ் 360, அடப்டரில 100–127 வோல்ட் எண்டு எழுதியிருக்கு, எங்கட கரண்ட் 230. பெடியன் ஒரு நாள்கூட விளையாடேல்ல.

அந்த அக்கா பிறகு கேட்டா, "தம்பி, இதை விட்டிட்டுப் புதுசு ஒண்டு வேண்டிக் குடுக்கட்டோ?" இதே கேள்வியைக் கனபேர் கேக்கினம், அநேகமா எல்லாம் நடந்து முடிஞ்சாப் பிறகு. அதுதான் முதலே யோசிக்க வேண்டியதை எழுதிறன்.

முதல்ல பிள்ளை இப்ப போனில என்ன செய்யுது எண்டு பாருங்கோ. "கேமே வேண்டாம், படிப்புக் கெட்டிடும்" எண்டு சொல்லுற வீட்டில பிள்ளை நுளம்பு வலைக்குள்ள போனை வச்சுக்கொண்டு ஃப்ரீ ஃபயர் விளையாடும், ஒருத்தருக்கும் தெரியாது. அந்தக் கேம் சும்மா தாறதுதான், ஆனா உள்ளுக்க டயமண்ட் எண்டு ஒரு சாமான் விக்கிறாங்கள், ரீலோட் காசு போற வழி அது. கொன்சோல், அதுதான் இந்தக் கேம் பெட்டி, எண்டால் ஹோலில இருக்கிற ரீவியிலதான் பூட்டவேணும், என்ன விளையாடுறான், ஆரோட கதைக்கிறான் எண்டு குசினியில நிண்டே தெரியும், அதோட ஏழு மணிக்கு அம்மாவுக்கு நாடகம் பாக்கவேணும், ரீவி கை மாறியே ஆகவேணும். அதால என்ர கணக்கு இதுதான்: போன் விளையாட்டுக்குப் பதிலா வாறதெண்டால் கொன்சோல் பரவாயில்லை, போனும் அப்பிடியே இருக்க இதுவும் மேலதிகமா வாறதெண்டால் வேண்டாதேங்கோ.

அதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் காணும். போன் விளையாட்டுக்கு ஒரு மணித்தியாலம் எண்டு வையுங்கோ, நேரம் முடிய "தா" எண்டு கேளுங்கோ. முகத்தைத் தூக்கிக்கொண்டு தந்தாலும் பரவாயில்லை, தந்தால் சரி. கத்திக் குளறி, சாப்பாட்டை விட்டு, ஒவ்வொரு நாளும் சண்டை எண்டால் இன்னொரு பெட்டி வேண்டி நிலைமை சரிவராது. உலக சுகாதார நிறுவனம் கேம் அடிமைத்தனத்தை ஒரு வருத்தமாப் பதிஞ்சு 2022 தையில இருந்து அது நடைமுறையில இருக்கு. ஆனா லீவுக்கு நாலு நாள் கூட விளையாடினதுக்கு அந்தப் பேரை வைக்கேலாது: நிப்பாட்டேலாமல் போறது, மற்ற எல்லாத்தையும் விட அது முக்கியமாகிறது, கெடுதல் எண்டு தெரிஞ்சும் விடேலாதது, இதெல்லாம் கிட்டத்தட்ட 12 மாதம் தொடர்ந்தால்தான் அது வருத்தம்.

அடுத்தது, உண்மையில ஆருக்கு ஆசை? சிலவேளை பிள்ளை கேக்கவே இல்லை, அப்பாதான் கேக்கிறார். விளங்குது எனக்கு. நாங்கள் சைக்கிளைக் கவிட்டுப் போட்டு மாறி மாறிப் பெடல் சுத்தி டைனமோவில ரேடியோ கேட்ட ஆக்கள், எங்கட பிள்ளைக்காவது எல்லாம் இருக்கட்டும் எண்டு மனம் சொல்லும். வேண்டுங்கோ, ஆனா உங்கட ஆசையெண்டு தெரிஞ்சு வேண்டுங்கோ, பிறகு அவன் விளையாடேல்ல எண்டு ஏசாதேங்கோ.

காசு. கடனுக்கோ தவணைக்கோ இதை எடுக்காதேங்கோ, இதில வேற கதையே இல்லை. பெட்டியின்ர விலையோட செலவு நிக்காது, ரெண்டாவது கொன்ட்ரோலர் (தம்பி தங்கச்சி இருந்தால் கட்டாயம், இல்லாட்டி அடிபாடு), கேம், நெற், எச்டிஎம்ஐ ஓட்டை (பெட்டியின்ர வயரை ரீவியில குத்துற இடம்) இல்லாத பழைய ரீவி எண்டால் ரீவியும்.

எங்கட பக்கத்துக்கு உள்ள பெரிய விசயம் டிஸ்க். பிளேஸ்டேசன் 5 (பிஎஸ்5) டிஜிற்றல் எடிசன், எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ் ரெண்டிலயும் டிஸ்க் போடுற இடமே இல்லை, விலை குறைவு எண்டு ஆக்கள் அதைத்தான் அனுப்புவினம். ஒரு பெரிய கேம் 50, 100 ஜிபி வரும். விசுவமடுவிலயோ மல்லாவியிலயோ ரவுட்டரைக் கூரைத் தீராந்தியில கட்டி சிக்னல் பிடிக்கிற வீட்டில அதை எப்ப இறக்கி எப்ப விளையாடுறது, டேற்றா காசு ஆர் கட்டுறது? டிஸ்க் உள்ளதெண்டால் அப்டேற்றுக்கு நெற் வேணும்தான், எண்டாலும் கேம் கையில இருக்கும், சிநேகிதப் பெடியளோட மாத்தலாம், அலுத்தால் விக்கலாம். பிஎஸ்4 டிஸ்க் எந்த நாட்டில வேண்டினாலும் ஓடும், டிஸ்க் உள்ள பிஎஸ்5இலயும் அநேகமா எல்லாம் ஓடும். என்னைக் கேட்டால் நல்ல செக்கன்ட் ஹாண்ட் பிஎஸ்4உம் நாலு டிஸ்க்கும் ஒரு பிள்ளைக்குத் தாராளம்.

இன்னொண்டு, பிளேஸ்டேசனில எக்கவுண்ட் திறக்கேக்க நாட்டுப் பட்டியலில இலங்கை இல்லை. வேற நாட்டைப் போட்டால் எங்கட பாங்க் கார்ட்டை எடுக்காமல் கரைச்சல் குடுக்கும், அந்த நாட்டுக் கிப்ற் கார்ட்தான் வேணும். அதால வேண்டித்தாற மாமாவோட முதலே கதைச்சு, அவர் இருக்கிற நாட்டிலயே எக்கவுண்டைத் திறக்கச் சொல்லுங்கோ.

கரண்ட் பில்லையும் பாருங்கோ. பிஎஸ்5 பெரிய கேம் ஓடேக்க கிட்டத்தட்ட 200 வோட்ஸ் இழுக்கும், நாளுக்கு ரெண்டு மணித்தியாலம் எண்டால் மாதம் 12 யூனிற், ரீவி வேற. 60 யூனிற்றுக்குள்ள அடங்கிற வீட்டுக்கு அது பெரிய அடி, 60 தாண்டின உடன ரேற் மாறும். நின்டென்டோ சுவிட்ச் எண்டால் மாதம் ஒரு யூனிற் அளவுதான், கையில வச்சு பற்றரியிலயும் விளையாடலாம், 2022இல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலத்தில அதுதான் உதவினது. அதில குறை என்னெண்டால் கேம் விலை லேசில குறையாது, நாள்போகக் கொன்ட்ரோலர் ஸ்ரிக்கைத் தொடாமலே திரையில ஆள் தானா அசையத் தொடங்கும், திருத்திறது கஸ்ரம்.

கேம் கவரில வயசு போட்டிருக்கும். லண்டன், பிரான்ஸ், சுவிஸ் பெட்டியில 3, 7, 12, 16, 18 எண்டு பெகி நம்பர், ஜேர்மனியில 0, 6, 12, 16, 18, கனடாவில எழுத்து: ஈ எண்டால் எல்லாருக்கும், ரி எண்டால் 13க்கு மேல, எம் எண்டால் 17க்கு மேல. இதை அனுப்புற ஆக்கள் பாக்கிறதில்லை, பெடியன் கேட்டதை அனுப்புவினம். வெடி வைக்கிற கேம் எண்டால் வயசு மட்டும் பாத்துக் காணாது. என்ர மகன் ஒருநாள் சத்தத்தைக் கூட்டிவிட்டு அப்பிடியொண்டு விளையாட, என்ர அம்மா ஒண்டும் சொல்லாமல் எழும்பிப் போய் மாமரத்துக்குக் கீழ இருந்திட்டா. 2009இல கடைசிச் சண்டைக்குள்ள மாத்தளன் மட்டும் போய் வந்த மனிசி. அதுக்குப் பிறகு எங்கட வீட்டில கார் ஓட்டமும் ஃபுட்போலும்தான், மற்றது ஹெட்செற் போட்டாலும் இல்லை.

ஸ்கொலர்ஷிப் வருசம், ஓஎல் வருசம் எண்டால் அடுத்த வருசம் பாக்கலாம். "பாஸ் பண்ணினால் வேண்டித்தாறன்" எண்டு சொன்னால் வேண்டிக் குடுக்கவேணும், அதால சொல்ல முதல் யோசியுங்கோ.

சரி, வேண்டுறதெண்டு முடிவெடுத்தால்: பெட்டியின்ர அடியிலயோ அடப்டரிலயோ ஒட்டின லேபிளில 100–240 வோல்ட் எண்டு இருக்கோ எண்டு வீடியோ கோலிலயே காட்டச் சொல்லுங்கோ, பிஎஸ்4, பிஎஸ்5, சுவிட்ச் அநேகமா அப்பிடித்தான் வரும், பழைய பெட்டியள்தான் ஏமாத்தும். பிள்ளையின்ர எக்கவுண்டை உண்மையான பிறந்த திகதியோட, உங்கட எக்கவுண்டுக்குக் கீழ போடுங்கோ, அப்பதான் நேரம், காசு ரெண்டுக்கும் எல்லை வைக்கலாம், பாஸ்வேர்ட் உங்களோட இருக்கட்டும். ரீவி ஸ்ராண்ட் தட்டுக்குள்ள அடைக்காதேங்கோ, தகரக் கூரைச் சூட்டோட எங்கட செம்மண் புழுதியும் சேர்ந்தால் ஃபான் அடைச்சுப்போடும். எறும்பும் பல்லியும் உள்ளுக்க குடிபோகும், நான் கழட்டி எடுத்திருக்கிறன். ஐப்பசி, கார்த்திகையில இடி முழங்கினால் பிளக்கோட ரீவிக்கு வாற டிஷ் வயரையும் கழட்டுங்கோ, மின்னல் அந்த வயரால வந்து எச்டிஎம்ஐயைச் சாப்பிட்டிட்டுப் போகும், "அண்ணை, பிளக் கழட்டித்தானே இருந்தது" எண்டு போன கார்த்திகையில மட்டும் மூண்டு பேர் வந்து நிண்டவை.