பேக்ஹேண்ட் கிரிப்: ஒத்தக்கையா ரெண்டு கையா?

டென்னிஸ்ல பேக்ஹேண்டுக்கு, அதாவது கைய உடம்புக்கு குறுக்க கொண்டு போயி பொறங்கை முன்னால வர அடிக்கற அடிக்கு, எந்த கிரிப், ராக்கெட்ட எப்படி புடிக்கணும்னு கேட்டா பாதிப்பேர் ஃபெடரர் வீடியோவ எடுத்து நீட்டுவானுவ. மக்கா, அவர் கைய பாக்கறதுக்கு முன்னாடி உனக்கு பந்து எந்த ஒயரத்துல வருது, உன் எடது கை ஒழுங்கா வேல செய்யுமா, இந்த ரெண்டையும் பாரு.

மொதல்ல ராக்கெட் கழுத்த எடது கையால புடிச்சு, ஃப்ரேம் ஓரம் தரையப் பாக்கற மாதிரி நேரா நிறுத்து. கைப்பிடிக்கு எட்டு பட்டை. மேல இருக்கது 1, நீ வலது கைக்காரன்னா அடிப்பக்கத்துல இருந்து பாத்து கடிகார முள்ளு சுத்தற பக்கமா எண்ணு, எடது கைக்காரன்னா திருப்பி எண்ணு. ஆட்காட்டி விரல் உள்ளங்கையோட சேர்ற எடத்துல ஒரு முட்டி இருக்குல்லா, அது எந்த பட்டைல உக்காருதோ அதான் உன் கிரிப்பு, வேற மர்மம் ஒண்ணும் கெடையாது.

2ல வச்சா கான்டினென்டல். வெட்டுகத்திய புடிச்சு தேங்கா வெட்டற மாதிரி இருக்கும். ஸ்லைஸ் (பந்துக்கு அடில செதுக்கி பின்பக்கமா சுழல விடறது), வாலி (பந்து தரைல படறதுக்கு முன்னாடியே அடிக்கறது), சர்வ் எல்லாத்துக்கும் இது வேணும், ஆனா ஒத்தக்கையில டாப்ஸ்பின் (பந்த கீழ இருந்து மேல தேச்சு முன்பக்கமா சுழல விடறது) அடிக்க இது ஆகாது, ராக்கெட் முகம் வானத்தப் பாத்துரும், பந்து கோட்டுக்கு வெளிய போவும். அதுக்கு 1, அதாவது ஈஸ்டர்ன் பேக்ஹேண்ட். பந்து தோள் ஒயரத்துக்கு வருதுன்னா 8க்கு பக்கமா இன்னும் கொஞ்சம் திருப்பலாம், ஆனா அப்ப கீழ வர்ற பந்த தூக்கறது பெரும்பாடு.

ஒத்தக்கைக்கு ஒரு செக் சொல்றேன். செவுத்துக்கு பக்கவாட்டா நின்னு, முன்காலுக்கு இன்னும் முன்னால, இடுப்பு ஒயரத்துல ஸ்ட்ரிங்க செவுத்துல தட்டையா வச்சு அழுத்திப் பாரு. மணிக்கட்டு பின்னால மடங்குதா? 2ல இருக்க, 1க்கு மாத்து. அப்பவும் மடங்கினா பைய ரெண்டு கைக்கு போயிரு, முழங்கை வலி வந்தப்புறம் போறதுக்கு இது மேல். ஒயரம் கம்மி, அதனால ஒத்தக்கை ஆகாதுன்னு மட்டும் சொல்லாத, பெல்ஜியம் ஆட்டக்காரி ஜஸ்டின் எனின் ஒண்ணும் நெடுநெடுன்னு இருக்க ஆளு கெடையாது, ஒத்தக்கை பேக்ஹேண்டோட ஃபிரெஞ்ச் ஓப்பன் நாலு தடவ ஜெயிச்சவங்க.

ஆனா நாகர்கோயில் பக்கம் புதுசா ஆட வர்றவன் கேட்டா நான் ரெண்டு கைதான் சொல்லுவேன். சிமெண்ட் கோர்ட்ல பந்து நல்லா எழும்பும், ஆனி ஆடில பக்கத்துல முப்பந்தல்ல இருக்க காத்தாலைய சுத்தற காத்து பந்தையும் கடைசி நேரத்துல நவுத்திரும், ஒத்தக்கையில அடிக்கணும்னா பந்த ரொம்ப முன்னாடியே சந்திக்கணும், காத்துல அந்த கணக்கு தப்பிரும், ரெண்டு கைன்னா கொஞ்சம் லேட்டானாலும் சமாளிச்சுக்கலாம். கீழ வலது கை 2லயே கான்டினென்டல், மேல எடது கை இடைவெளி விடாம ஒட்டி, எடது கையால ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கை முன்னால வர்ற அடி) அடிக்கற புடி, முட்டி 7ல. ஒயரமான பந்து நெறைய வந்தா 6. இதுல பெரிய லாபம் என்னன்னா வலது கை ஏற்கனவே ஸ்லைஸ் கிரிப்ல நிக்குது, எட்டாத பந்துக்கு எடது கைய விட்டா போதும், ஸ்லைஸ் ரெடி.

ரெண்டு கைல எல்லாரும் கோட்ட விடறது ஒரே எடத்துல, வலது கை இழுத்துட்டு போவும், எடது கை சும்மா ஒட்டிக்கிட்டு வரும். நெட்டுக்கும் கடைசி கோட்டுக்கும் நடுவுல இருக்க சர்வீஸ் கோட்டு பக்கம் நின்னு வெறும் எடது கையால பந்து தட்டு, மொதல்ல கேவலமா போவும், போகட்டும் சவம், விடாம தட்டு.

ஃபோர்ஹேண்ட் கிரிப்ல இருந்து மாத்தறது தோள திருப்பற நேரத்துலயே முடிஞ்சிரணும், ராக்கெட் கழுத்துல இருக்க எடது கைதான் திருப்பும், வலது கை லூசா இருந்தா போதும்.

நம்ம ஊரு வேர்வைக்கு ஓவர்கிரிப், அதான் கைப்பிடி மேல சுத்தற மெல்லிசு டேப், சீக்கிரம் வழுக்கும். அதுக்காக பழசு மேலயே புதுச சுத்தாத, பட்டை முனையெல்லாம் மழுங்கிரும், அப்புறம் முட்டி 1ல இருக்கா 2ல இருக்கான்னு கைக்கே தெரியாது. பழச உரிச்சுப் போட்டுட்டு ஒண்ணு மட்டும் சுத்து.