வாசலுக்குப் பூச்செடி: குறைந்த செலவில், நீண்ட நாளுக்கு

வாசலில் பூச்செடி வைக்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் நர்சரிக்குக் கிளம்ப வேண்டாம். சித்திரை வெயிலில் உங்கள் தெருவை ஒருமுறை நடந்து பாருங்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டு முற்றத்திலும், கோயில் மதிலடியிலும், யாரும் தண்ணீர் ஊற்றாத காலிமனையிலும் எது பூத்து நிற்கிறதோ அதுதான் உங்கள் மண்ணுக்கு உரிய செடி. தென்காசி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய எங்கள் செங்கோட்டையில் அப்படிக் கண்ணில் படுபவை நாலைந்துதான்: இட்லிப்பூ, நந்தியாவட்டை, ஒற்றை அடுக்குச் சிவப்புச் செம்பருத்தி, அரளி, நித்தியகல்யாணி. எல்லாமே ஒருமுறை வைத்தால் வருடக்கணக்கில் நிற்பவை. விலையும் அதிகமில்லை.

இந்த ஊரின் வானிலை செடிக்குச் சோதனைதான். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரலும் காற்றும் சேர்ந்து வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. நடுவே மாசியிலிருந்து வைகாசி வரை சுள்ளென்ற வெயில். மூன்றையும் தாங்குகிற செடி வேண்டும். கடையில் வண்ண வண்ணமாக அடுக்கியிருக்கும் பெட்டூனியாவும் டாலியாவும் மலைக்குளிருக்குப் பழகியவை. அவற்றில் ஆசை வைத்தால் வருடாவருடம் பணம் செலவழிக்க வேண்டியதுதான்.

எங்கள் பக்கத்தில் பலரும் செடி வாங்க எல்லையோரப் புளியரை தாண்டிக் கேரளத்தின் தென்மலை, புனலூர் வரை போகிறார்கள். கொல்லம் சாலையோர நர்சரிகளில் செடி செழிப்பாக இருக்கும், வகையும் நிறைய. அந்தச் செழிப்புக்குக் காரணம் அங்குள்ள ஈரக்காற்றும் நிழல்வலையும். அங்கே வளர்ந்த செடியைப் பங்குனியில் கொண்டுவந்து நம் வெயிலில் நட்டால், ஒரு வாரத்தில் இலை கருகிவிடும். அதனால் சாரல் தொடங்கிய பிறகு ஆனியில் வாங்குங்கள். வாங்கி வந்ததும் மாமரத்தடியிலோ கிணற்றடியிலோ பத்து நாள் வைத்துப் பழக்கிவிட்டு நடுங்கள். கேரளப் பக்கம் இட்லிப்பூவைத் தெச்சி என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். அவசரமில்லாதவர்கள் தோட்டக்கலைத் துறையின் அரசுப் பண்ணைகளில் விசாரித்துவிட்டுப் போவது நல்லது. அங்கே விலை தனியார் கடையைவிடக் குறைவாகவே இருக்கும்.

நர்சரிக்குள் நுழைந்ததும் பூத்துக் குலுங்கும் செடியைத்தான் முதலில் காட்டுவார்கள். "பூ வேண்டாம் சேட்டா, அடியிலிருந்தே மூன்று கிளை பிரிந்ததாகப் பார்த்துக் கொடுங்கள்" என்று நான் கேட்பேன். "பூ இல்லாத செடியையா கொண்டுபோகிறீர்கள் சேச்சி?" என்று அவர் வியப்பார். பூத்திருக்கும் செடி தன் பலத்தையெல்லாம் பூவில் போட்டிருக்கும். இடம் மாறிய அதிர்ச்சியில் மொட்டு உதிர்ந்து சில வாரம் சும்மா நிற்கும். மொட்டில்லாத செடி வேர் விடுவதில் இறங்கிவிடும்.

சின்ன கவர்ச் செடியே போதும். 20, 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஓரடிச் செடி, பெரிய தொட்டியில் 200 ரூபாய் சொல்லும் செடியை இரண்டாம் வருடத்தில் எட்டிப் பிடித்துவிடும். காரணம், இளம் வேர் புது மண்ணைச் சீக்கிரம் ஏற்றுக்கொள்ளும். பெரிய செடியின் வேர் தொட்டிக்குள் சுருண்டு சுருண்டு இறுகிப் போயிருக்கும். கவரின் அடித்துளையைத் தூக்கிப் பாருங்கள். வெள்ளை வேர் நுனி லேசாக எட்டிப் பார்த்தால் சரியான பருவம். கயிறு மாதிரி தடித்த வேர் வெளியே வந்து தரையைப் பிடித்திருந்தால் வாங்காமல் இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். தண்டு உயரமாகவும் மெலிந்தும் இருந்தால் ஆடிக் காற்றில் ஒடியும். குட்டையாக, தடித்து, அடியில் கிளைத்த செடியைத் தேடுங்கள். பிறகு பூச்சி இருக்கிறதா என்று இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்க்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பார்க்கத்தான் வேண்டும். ஆந்திராவின் கடியம் பக்கத்திலிருந்து லாரியில் வரும் செடிகளில் வேரைச் சுற்றிக் கறுப்புக் களிமண் உருண்டை இருக்கும். அதை அப்படியே நம் செம்மண்ணில் புதைத்தால் உருண்டை காய்ந்து இறுகி, வேர் வெளியே வரத் திணறும். நடுவதற்கு முன் தண்ணீரில் ஊறவைத்து ஓரத்துக் களிமண்ணை விரலால் மெல்ல உதிர்த்துவிடுங்கள்.

ஒரே ஒரு செடிதான் வாங்க முடியும் என்றால் இட்லிப்பூவை வாங்குங்கள் என்பேன். வருடத்தில் பெரும்பகுதி பூக்கும், சாமிக்கு ஆகும், வண்ணத்துப்பூச்சி வரும். நாட்டு வகை ஆள் உயரம் போகும். அதற்கு மூன்றடி இடைவெளி வேண்டும். மினி வகை முழங்கால் உயரத்தில் நின்றுவிடும். ஓரடிக்கு ஒன்றாக வரிசையாக வைத்தால் வேலிபோல அடர்ந்துவிடும், அடிக்கடி வெட்டும் வேலையும் இல்லை. இதற்கு ஒரே எதிரி, புது வீட்டு வாசலில் புதைந்து கிடக்கும் கட்டட இடிபாடு. சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் வேரால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. இளம் இலை வெளிறி மஞ்சளாகும். நரம்புகள் மட்டும் பச்சைக்கோடாக நிற்கும். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் பலர் சாணியும் உரமும் கொட்டுவார்கள், அதனால் பயனில்லை. நடும்போதே ஒன்றரை அடி ஆழத்துக்கு இடிபாட்டை அள்ளி எறிந்துவிட்டுச் செம்மண் நிரப்ப வேண்டும். ஏற்கெனவே நட்டுவிட்டவர்கள் நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி (இரும்புச்சத்து உள்ள உப்பு) வாங்கி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பின் இலை மேல் தெளிக்கலாம். அடுத்து வரும் தளிர் பச்சையாக வரும்.

வெயில் குறைந்த வடக்கு வாசல்காரர்களுக்கு நந்தியாவட்டை. அரைநாள் வெயில் இருந்தாலே பூத்துவிடும். ஒற்றை அடுக்கு, பல அடுக்கு இரண்டுமே உறுதியானவை. மழைக்காலத்தில் இலைகள் திடீரென்று மொட்டையானால், கிளைக்கு அடியில் குனிந்து பாருங்கள்: விரல் நீளத்தில் தடித்த பச்சைப் புழு ஒட்டிக்கொண்டிருக்கும், தலைக்கு அருகே இரண்டு பக்கமும் நீலக்கண் போன்ற புள்ளியோடு. பார்க்கப் பயமாக இருக்குமே தவிர, கடிக்காது, கொட்டாது. குச்சியால் எடுத்துத் தூரப் போட்டால் போதும். மருந்து வேண்டாம், செடி மறுபடி துளிர்த்துவிடும்.

செம்பருத்தியில் பெரிய பெரிய பூவாக, இரண்டு மூன்று நிறம் கலந்து வரும் ஒட்டு ரகங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாவுப்பூச்சிக்கு எளிதில் இரையாகும், விலையும் அதிகம். நாட்டுச் சிவப்பு போதும். வாங்கும்போது தண்டில் எறும்பு வரிசையாக ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் நுனியில் எங்கோ மாவுப்பூச்சி இருக்கிறது என்று பொருள். அது சுரக்கும் இனிப்புக்குத்தான் எறும்பு போகிறது. வீட்டுச் செடியில் வந்துவிட்டால் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து தெளியுங்கள். தெருவில் ஆடு திரிந்தால் செம்பருத்தியைக் கைப்பிடிச் சுவருக்கு உள்ளேதான் வைக்க வேண்டும்.

ஆடு தொடாத செடி அரளி. வறட்சியில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவசம் போர்டு தன் கோயில்களில் நைவேத்தியத்துக்கும் பிரசாதத்துக்கும் அரளிப்பூவை விலக்கியது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். மற்றவர்கள் வாசற்படியைத் தவிர்த்துச் சாலையோரச் சுவரடியில் வையுங்கள். வெட்டிய கிளையை எரிக்கக் கூடாது, புகையும் கெடுதல்.

நித்தியகல்யாணிக்குக் காசு கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டு மதினியிடம் கேட்டால் கீழே முளைத்துக் கிடக்கும் நாற்றைப் பிடுங்கித் தருவார். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் மட்டும் வைக்க வேண்டாம், வேர் அழுகும். அந்தப் பள்ளத்துக்கும் துணி துவைக்கும் கல்லின் ஓரத்துக்கும் கல்வாழைக் கிழங்கு. மழை லில்லியைக் கிழங்குக் கணக்கில் விற்றால் வாங்காதீர்கள். நெருக்கமாக முளைத்த ஒரு கவரை எடுத்துப் பிரித்து நட்டால் ஒரு பாத்தி நிறையும். முதல் மழைக்குப் பிறகு மூன்று நான்கு நாளில் அது பூத்து நிற்பதற்காகவே நான் அதை வாசற்படி அருகில் வைத்திருக்கிறேன். டிசம்பர் பூவைக் குச்சியாகக் கேட்டு வாங்கலாம்.

நடும் வேலை எளிது. ஓரடி ஆழக் குழி, தோண்டிய மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய சாணம். கவரை இழுத்துக் கழற்றாமல் பிளேடால் கீறி எடுங்கள். கவரில் மண் இருந்த மட்டம் வரைதான் புதைக்க வேண்டும். சுற்றிலும் தென்னை நாரோ காய்ந்த சருகோ நாலு விரல் கனத்துக்குப் போடுங்கள். தண்டை மட்டும் தொடாமல் விடுங்கள். சாரல் இல்லாத நாளில் ஒரு குடம் தண்ணீர், ஒரு மாதம் வரை. அடுத்த கோடையில் வாரம் இரண்டு முறை. அதற்குப் பிறகு செடி தானே பார்த்துக்கொள்ளும்.

அடுத்த வருடம் கடைக்குப் போக வேண்டிய தேவையே இருக்காது. ஆடிச் சாரலில் நந்தியாவட்டை, செம்பருத்தி இரண்டிலும் பென்சில் கனமுள்ள முற்றிய குச்சியை முக்கால் அடிக்கு வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, கணு இரண்டு மண்ணுக்குள் இருக்கும்படி நிழலில் ஊன்றுங்கள். பால் வடிந்தால் சற்று உலரவிட்டு ஊன்றுங்கள். இட்லிப்பூக் குச்சி வேர் பிடிக்கக் கூடுதல் நாள் எடுக்கும். அதற்கு மட்டும் பழைய பிளாஸ்டிக் பாட்டிலை அடிவெட்டிக் கவிழ்த்து மூடி வைத்தால் ஈரம் நிற்கும். புரட்டாசி முடிவதற்குள் துளிர்த்தவற்றை வடகிழக்குப் பருவமழைக்கு முன் இடம் மாற்றிவிடலாம்.