‘மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு’: பெரியவர்கள் செய்யும் சில தவறுகள்

கல்யாண வீட்டில் இதைப் பார்த்திருப்பீர்கள். யாரோ ஒரு மாமா கன்னத்தைக் காட்டிக் குனிவார். நாலு வயதுக் குழந்தை அம்மாவின் முந்தானைக்குள் ஒளியும். “என்னடி வெட்கம், மாமாதானே!” என்று அம்மாவே முன்னால் தள்ளுவார். மாமா நல்லவராகவே இருக்கட்டும். பெரியவர் கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லக் கூடாது என்பதைத்தான் குழந்தை அங்கே கற்றுக்கொள்கிறது. பள்ளியில் ‘குட் டச், பேட் டச்’ சொல்லிக் கொடுத்தது அந்த ஒரு நிமிடத்தில் அழிந்துவிடும். “தெரியாதவங்க சாக்லேட் கொடுத்தா வாங்காதே” என்று மட்டும் எச்சரிப்பதும் போதாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளில் குற்றம் சாட்டப்படுபவர்கள் பெரும்பாலும் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு.

“பையன்தானே, அவனுக்கு என்ன?” என்பது இன்னொன்று. 2007-இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் 52.94 சதவீதம் பையன்கள்.

இதையெல்லாம் பேசினால் குழந்தை மிரண்டுவிடாதா? பாலியல் சீண்டலைப் பற்றிச் சொல்லித்தரும் பள்ளிப் பாடங்கள் குறித்த 24 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2015-இல் மதிப்பாய்வு செய்தது. அதில், குழந்தைகளுக்கு விவரம் கூடியது, பயம் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் பாடத்தால் குற்றமே குறைந்தது என்று அந்த ஆய்வுகளை வைத்துச் சொல்ல முடியாது. பாடம் எடுத்தாச்சு, இனி அதுவே பார்த்துக்கொள்ளும் என்று பெரியவர்கள் ஒதுங்கிவிட வழியில்லை.

சரி, போனுக்கு வருவோம். “ஒருத்தன் போட்டோ கேட்டு மிரட்டறான்” என்று மகள் சொன்னதும் போனைப் பிடுங்கி நாலு அறை விடுகிறோம். “வீட்டில் சொன்னால் உன்னைத்தான் அடிப்பார்கள்” என்று அவன் சொல்லி வைத்தது அப்படியே பலித்துவிடுகிறது. அடுத்த முறை அவள் வாயைத் திறக்க மாட்டாள். அப்புறம் அவமானம் தாங்காமல் சாட் முழுவதையும் அழித்துவிடுகிறோம். அவனைப் பிடிக்க ஆதாரமான கணக்கின் பெயர், எண், அனுப்பிய நேரம் எல்லாம் அதில்தான் இருந்தன.

‘இவன் சிக்கும்வரை பகிருங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வரும். கோபத்தில் குடும்பக் குழுவுக்குத் தள்ளிவிடுவோம். குழந்தையின் பாலியல் காட்சியைப் பரப்புவது குற்றம். நல்லெண்ணத்தில் அனுப்பினேன் என்றால் எடுபடாது. அப்படிப்பட்ட காட்சியை இறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் அளித்த தீர்ப்பையும் அதே செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. தேசிய சைபர் குற்றத் தளத்தில் பெயர் சொல்லாமலே புகார் கொடுக்கலாம்.

கடைசியாக, “குடும்ப மானம், உள்ளுக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்.” தெரிந்தும் புகார் செய்யாதவருக்குப் போக்சோ சட்டத்தில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஸ்டேஷன் வாசலை மிதிக்கப் பயமா? குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலேயே வாங்கலாம். கூடியவரை பெண் எஸ்.ஐ. வர வேண்டும், அதுவும் சீருடை இல்லாமல்.