பொது வீட்டு வழக்கு: மக்கள் நீதிமன்றத்தில் முடித்தோம்

காரைக்குடிப் பக்கம் எங்கள் வீடு பொது வீடு. முகப்பு முதல் இரண்டாங்கட்டு வரை எல்லாருக்கும் பங்கு. மழையில் ஓடு நகர்ந்து ஒழுகியது. செலவு யாருடையது என்று முறைத்துக்கொண்டு, பெரியப்பா மகன் பாகப்பிரிவினை வழக்கே போட்டுவிட்டார்.

சிவில் நடைமுறைச் சட்டம் 89-ஆம் பிரிவின்படி நீதிபதி எங்களைச் சமரசத்துக்கு அனுப்பினார். சமரசர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், பேசவைப்பார். அங்கே பேசுவது ரகசியம். பேச்சு முறிந்தாலும் வழக்கில் எடுத்துக்காட்ட முடியாது. அந்தத் தைரியத்தில்தான் அண்ணன் வாய் திறந்தார். "மகள் கல்யாணத்தை இந்த வீட்டு வளவில்தான் (முற்றத்தில்தான்) நடத்தணும் தம்பி. அன்றைக்கு யாரும் சாவியைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது." அட, இவ்வளவுதானா! வழக்கு மனுவில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

வீட்டைப் பிரிக்கவில்லை. விசேஷம் வைப்பவருக்கு முன்னுரிமை, ஓட்டுச் செலவு பங்குப்படி, சாவி ஆளுக்கொன்று என்று எழுதினோம். பங்குதாரர் எல்லாரும் கையெழுத்திட வேண்டும். சிங்கப்பூர்ப் பங்காளியின் பவர் பத்திரத்துக்குத்தான் காத்திருந்தோம். அப்புறம் அந்த ஒப்பந்தம், வழக்குகளைச் சமரசமாக முடித்துவைக்கும் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) பதிவானது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி அதற்கு டிக்ரியின், அதாவது நீதிமன்றத் தீர்ப்பாணையின் பலம் உண்டு, மேல்முறையீடு கிடையாது. ஆகவே வரிவரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்ப வரும். எங்கள் வழக்கில் அது சின்னத் தொகைதான். ஆச்சி அதையும் ஓட்டுக் கணக்கில் சேர்த்துவிட்டார்.