மலைப்பாதைப் பூக்களும் காளான்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்காலத்தில் நீலகிரியிலோ கொடைக்கானலிலோ நடப்பவர்கள் செய்யும் தவறுகளில் மிக ஆபத்தானது, உயிரையே பறிக்கக்கூடியது, இது: காளானுக்கு நாட்டுச் சோதனை வைத்துப் பார்த்துச் சாப்பிடுவது. காளானோடு சேர்த்து வேகவைத்த வெள்ளிக்காசு கறுக்காவிட்டால் நல்லது, பூண்டு நிறம் மாறாவிட்டால் நல்லது, பூச்சி அரித்திருந்தால் நாமும் தின்னலாம் என்பார்கள். மூன்றையும் நம்பாதீர்கள். அமனிட்டா என்ற காளான் இனத்தின் கொடிய வகைகளில் உள்ள அமடாக்சின் என்ற நஞ்சு வெள்ளியைக் கறுக்க வைக்காது. நத்தையும் புழுவும் அந்தக் காளானைத் தின்றுவிட்டு நன்றாகவே இருக்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது.

தின்ற பிறகு ஆறு, பன்னிரண்டு மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும், எந்தத் தொந்தரவும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும் வரும். அது அடங்கி, ஆள் தேறிவிட்டார் என்று வீட்டார் மூச்சுவிடும் நேரத்தில்தான் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். வாந்தி நின்றுவிட்டதே என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். மிச்சக் காளான் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

ஊரில் புற்றுக்காளான் பறித்துப் பழகியவர்கள் கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பேன். சமவெளியில் பழகிய கண்ணுக்கு மலைக்காளான்கள் புதியவை. பைன் தோப்புகளில் சிவப்புக் குடையும் வெள்ளைப் புள்ளிகளுமாக நிற்கும் அமனிட்டா மஸ்காரியா, வெளிநாட்டுப் பைனோடு சேர்ந்து இங்கே வந்த நச்சுக்காளான். போதைக்காளான் தேடி அலைந்தாலோ சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்ளலாம். தேடிப் போனவர் வாயில் போடுவது எந்தக் காளான் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. தொட்டாலே விஷம் என்று பயந்து குச்சியால் அடித்து நொறுக்குகிறார்கள். காளானைத் தொடுவதால் விஷம் ஏறாது, உள்ளே போனால்தான் ஆபத்து. மேலே தெரியும் குடை மரத்தில் தொங்கும் காயைப் போன்றது. பூஞ்சையின் உடல் மண்ணுக்குள் நூல் நூலாகப் பரவி, பல இடங்களில் மரவேர்களோடு பிணைந்திருக்கிறது.

மண்ணில் உள்ள இத்தகைய பூஞ்சை நூல்களை நம்பித்தான் புல்வெளியின் தரை ஆர்க்கிடுகள் பிழைக்கின்றன. இளஞ்சிவப்பாகப் பூக்கும் சட்டிரியத்தின் விதை தூசி போன்றது, உள்ளே சேமித்த உணவு கிடையாது. மண்ணில் உள்ள பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். அழகாக இருக்கிறதே என்று கிழங்கோடு தோண்டி வீட்டுத் தொட்டியில் வைப்பவர்கள் அந்த மண்ணின் உறவைத் துண்டித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் செடி தங்காது. காப்புக்காட்டில் செடியைப் பிடுங்குவது குற்றமும்கூட.

நீலக்குறிஞ்சிக் கொத்தை ஒடிப்பதும் சாதாரண விஷயமல்ல. 12 ஆண்டு வளர்ந்து, ஒரே முறை பூத்து, விதை விட்டுச் செடி செத்துப்போகும். ஒடித்த கொத்தோடு அதன் விதைகளும் போயின. 2006, 2018 என்று பூத்தது, அடுத்து 2030. இடைப்பட்ட ஆண்டுகளில் "குறிஞ்சி பூத்துவிட்டது" என்று பரவும் படங்களில் பல, வேறு குறிஞ்சி இனங்களுடையவை. அவற்றின் சுற்று வேறு.

பூத்ததெல்லாம் நம் மலையின் பூ என்று நினைக்க வேண்டாம். மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்கும் முட்செடியான கோர்ஸ் ஐரோப்பாவிலிருந்து வந்து புல்வெளியை விழுங்குகிறது. உன்னிச்செடியும் அந்நியம்தான். இவற்றைக் கொத்தாகப் பறித்துக் காடு முழுக்கச் சிந்தாதீர்கள், காலணியில் ஒட்டிய மண்ணை அடுத்த மலைக்குப் போகும் முன் தட்டிவிடுங்கள். எக்காளம் போலத் தலைகீழாகத் தொங்கும் பெரிய பூவைக் குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது. அது ஊமத்தையின் உறவு, முழுச் செடியும் நஞ்சு.

சோலைக்குள் மரவேரருகே சிவப்பாகத் தடித்து நிற்பதைப் பார்த்துக் காளான் என்று கடந்துபோவோரும் உண்டு. அது பாலனோஃபோராவாக இருக்கலாம்: வேரில் ஒட்டுண்ணியாக வாழும், பச்சையமே இல்லாத பூச்செடி. குனிந்து பாருங்கள். ஆனால் பாதையை விட்டு இறங்க வேண்டாம். ஈரப் புல்வெளியில் காசளவே உள்ள பூச்சி தின்னும் டிரோசெரா உங்கள் காலடியில் நசுங்கும்.

படம் எடுத்தால் குடையின் அடிப்பக்கம், தண்டின் அடி, பக்கத்து மரம் மூன்றும் தெரிய எடுங்கள். பிடுங்காமலே எடுக்க முடியும். செயலி ஒரு பெயர் சொன்னது என்பதற்காகச் சமைத்துவிடாதீர்கள். செடி, விலங்குப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவேற்றும்போது ஆர்க்கிட் இருக்கும் இடத்தை மறைத்துப் போடுங்கள், அதற்கு அதிலேயே வசதி இருக்கிறது.